கார் ஏசி ஃபில்டரைக் குறைந்த செலவில் மாற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு பில்லோடு வீடு திரும்பும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் எனக்கு ஒரு போன் போடுவது வழக்கமாகிவிட்டது. "ஏசி ஃபில்டர்னு ஒண்ணு போட்டிருக்காங்க, அதுக்கு இவ்வளவா?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். நான் மெக்கானிக் இல்லை. சொந்தக் காரிலும் கேட்டவர்கள் காரிலும் பல வருடங்களாக இதை மாற்றி வருகிறேன். இரண்டு தடவை தப்பான சைஸ் வாங்கி ஏமாந்தும் இருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே போட்டிருக்கிறேன்.

1. ஏசி ஃபில்டர், கேபின் ஃபில்டர், போலன் ஃபில்டர்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

ஒன்றேதான். காருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றை வடிகட்டுவது இது. வெறும் "ஏர் ஃபில்டர்" என்று கடையில் கேட்டால் இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு சாமான், பேனட்டுக்குள் கறுப்புப் பெட்டியில் இருக்கும். அதனால் "ஏசி ஃபில்டர்" அல்லது "கேபின் ஃபில்டர்" என்றே கேளுங்கள்.

2. அடைச்சுப்போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ப்ளோயரை, அதாவது காற்றைத் தள்ளும் விசிறியை, முழு வேகத்தில் வைத்தால் சத்தம் மட்டும் வரும், காற்று வராது. முன்பு இரண்டில் வைத்தால் போதும் என்றிருந்த ஏசியை இப்போது நான்கில் வைக்க வேண்டியிருக்கும். மழை நேரத்தில் கண்ணாடியில் படியும் ஆவி விலக வெகு நேரம் எடுக்கும். ரொம்பவே அடைத்துவிட்டால், போதுமான காற்று படாமல், காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் பனி கட்டக்கூட வாய்ப்புண்டு.

இதையெல்லாம் வைத்து யூகிப்பதைவிடக் கழற்றிப் பார்ப்பது நல்லது. மடிப்புகளுக்குள் இலைத்தூள், பூச்சி, சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் தூசி இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் ஃபில்டர் லேசாக நிறம் மாறியிருப்பதை மட்டும் வைத்து "போச்சு சார்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் ஓடினாலே வெள்ளை ஃபில்டர் வெள்ளையாக இருக்காது.

3. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்?

பெரும்பாலான கார்களின் கையேட்டில் 15,000 முதல் 30,000 கி.மீ.க்குள் ஒரு கணக்கோ, ஒன்று அல்லது இரண்டு வருடம் என்றோ போட்டிருப்பார்கள். உங்கள் கார் கையேடு சொல்வதே தொடக்கப் புள்ளி. மண் சாலை, கட்டட வேலை நடக்கும் இடம், லாரிப் புகைக்கு நடுவே தினமும் ஊர்ந்து போவது என்றால் அதில் பாதியிலேயே அடைத்துவிடும். நெடுஞ்சாலையிலேயே ஓடும் கார் கணக்கைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும்.

4. புதுசு எதுக்கு? தட்டி, ஊதி, சோப்புத் தண்ணியில கழுவிக் காய வெச்சுப் போட்டா ஆகாதா?

தட்டுவதில் தப்பில்லை. மேலே ஒட்டியிருக்கும் இலையும் பெரிய தூசியும் கொட்டும், இன்னும் சில வாரம் ஓடும். அழுத்தக் காற்று வைத்து ஊதுவதுதான் சிக்கல். உள்ளே சிக்கிய நுண்தூசி அப்படியே இருக்க, நார்கள் விலகி ஓட்டை விழுந்துவிடும். அதன் பிறகு காற்று நன்றாக வரும், அதைப் பார்த்து ஃபில்டர் சுத்தமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

கழுவுவது அதைவிட மோசம். இந்த ஃபில்டர் சல்லடையைப் போல ஓட்டையின் அளவை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் நார்களில் தயாரிக்கும்போதே நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்கிறதே, அதே சங்கதி. மிக நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் பெரும் பங்கு இந்த ஈர்ப்புக்குத்தான். சோப்பும் ஆல்கஹாலும் அதை அழித்துவிடும். காய்ந்த பிறகு பார்வைக்குப் புதிது போல இருக்கும், பிடிக்கும் திறன் போயிருக்கும். சரியாகக் காயவில்லையென்றால் பூஞ்சை வேறு. கழுவிப் பயன்படுத்தவென்றே பஞ்சுத் துணியில் செய்த ஃபில்டர்கள் விற்கின்றன. அவற்றைத் தாராளமாகக் கழுவலாம், ஆனால் நுண்தூசியில் மின்னூட்ட நார் ஃபில்டரின் அளவுக்கு அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.

5. அது எங்க இருக்கு? நானே மாத்திடலாமா?

மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். சில கார்களில் டேஷ்போர்டின் நடுப்பகுதிக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில். இன்னும் சிலவற்றில் வெளியே, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில். கிளவ் பாக்ஸ் வகையென்றால் பெட்டியைக் காலி செய்து, பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பியையோ கயிற்றையோ கழற்றி, இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அமுக்கினால் பெட்டி கீழே இறங்கும். பின்னால் ஒரு நீள்சதுர மூடி தெரியும். அவ்வளவுதான், பத்து நிமிட வேலை.

பழையதை உருவும்போது சாய்க்காமல் மெதுவாக இழுங்கள். மேலே கிடக்கும் சருகு ப்ளோயருக்குள் விழுந்தால் அடுத்த நாள் முதல் "டக டக" என்று சத்தம் கேட்கும். ப்ளோயர் அணைந்திருக்கட்டும். மூடியின் கொக்கிகளை முரட்டுத்தனமாக நெம்பாதீர்கள், அவை உடைந்தால் மிச்சப்படுத்தியது அதிலேயே போய்விடும். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் வகையில் சில மாடல்களில் ஆக்ஸிலரேட்டர் பெடலையே கழற்ற வேண்டியிருக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம், ஆனால் ஃபில்டரை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

6. என் காருக்கு எது சேரும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? மாடல் பேரைச் சொன்னாப் போதாதா?

போதாது. நான் ஏமாந்த இரண்டு தடவையும் இப்படித்தான். ஒரே பெயரில் ஓடும் காருக்குத் தலைமுறை மாறும்போது ஃபில்டரும் மாறும். சில சமயம் ஒரே வருடத்தில் பாதியில் மாறும். ஏசி அமைப்பைப் பொறுத்தும் மாறலாம். ஸ்டியரிங் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதும் முக்கியம், ஏனென்றால் சில மாடல்களில் ஃபில்டர் உட்காரும் ஏசி பெட்டியே வேறாக இருக்கும். வேறொரு நாட்டு அட்டவணையைப் பார்த்து ஆர்டர் போட்டவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

நம்ப வேண்டியது பார்ட் நம்பரை. அதைக் கண்டுபிடிக்க முதல் வழி, காரில் இருக்கும் ஃபில்டரின் விளிம்பைப் பார்ப்பது, அதில் அச்சிட்டிருப்பார்கள். செகண்ட் ஹாண்ட் கார் என்றால் முந்தைய உரிமையாளர் தப்பானதைத் திணித்திருக்கவும் கூடும், எனவே ஒரு தடவை சரிபாருங்கள். அடுத்த வழி, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் நம்பரைக் கம்பெனி உதிரிபாகக் கவுண்டரில் சொல்லிக் கேட்பது. வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை, நம்பரைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும். பழைய நம்பருக்குப் பதிலாகக் கம்பெனியே புது நம்பர் கொடுத்திருந்தால் அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு ஸ்கேல் எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து வையுங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் மூன்றையும் போடுவார்கள். நம்பர் பொருந்தி அளவும் பொருந்தினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உயரத்தை யாரும் பார்ப்பதில்லை, நீள அகலம் சரியாக இருந்து உயரத்தில் ஐந்து மி.மீ. கூடினால் மூடி மூடாது.

7. வேற காரோட ஃபில்டர் விலை கம்மியா இருக்கு. அது என் காருக்குச் சேருமா?

சேரும் சந்தர்ப்பம் நிறைய உண்டு. கார் கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி ஏசி பெட்டி செய்வதில்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் ஏழாம் தலைமுறை கோல்ஃப், மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா, அதே காலத்து ஆடி ஏ3 மூன்றுக்கும் ஒரே ஃபில்டர்தான். டொயோட்டாவிலும் கொரோலா, கேம்ரி, ராவ்4, பிரியஸ் என்று பல மாடல்கள் பல வருடங்கள் ஒரே ஃபில்டரைப் பகிர்ந்துகொண்டன.

இதில் காசு மிச்சமாவது எங்கே என்றால், விலை உயர்ந்த காரின் பெயரில் தேடினால் ஒரு விலையும், அதே பார்ட் நம்பரைத் தேடினால் வேறு விலையும் வரும். எனவே தேடும் கட்டத்தில் கார் பெயரைப் போடாதீர்கள், ஆறாம் கேள்வியில் எடுத்து வைத்த நம்பரைப் போடுங்கள்.

8. கம்பெனி ஒரிஜினலே வாங்கணுமா? வெளிக் கம்பெனி மட்டமா?

கார் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. ஃபில்டர் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் செய்து வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். மான், மாலே, டென்சோ, வாலியோ போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கும் சப்ளை செய்கிறார்கள், தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். இப்படிப்பட்டவர்களின் சொந்தப் பெட்டியில் வருவதை வாங்குவதுதான் என் கணக்கில் சரியான நடுவழி.

இவர்களின் அட்டவணையில் எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. மான் ஃபில்டரில் "சியு" (CU) என்று ஆரம்பித்தால் தூசியை மட்டும் பிடிக்கும் சாதாரணம், "சியுகே" (CUK) என்றால் நாற்றத்தையும் ஓரளவு உறிஞ்சும் கார்பன் வகை. மாலேயில் "எல்ஏ" (LA) சாதாரணம், "எல்ஏகே" (LAK) கார்பன். இது தெரிந்தால் கார்பன் என்று சொல்லிச் சாதாரணத்தைத் தலையில் கட்டுவதைப் பிடித்துவிடலாம்.

9. பேரே கேள்விப்படாத ப்ராண்ட், பாதி விலை. வாங்கலாமா கூடாதா?

வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். நானே வாங்கியிருக்கிறேன், சிலது நன்றாகவே இருந்தது. கையில் கிடைத்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் மடிப்புகளை எண்ணுங்கள். மடிப்பு அதிகமென்றால் வடிகட்டும் பரப்பு அதிகம், காற்றுக்குத் தடை குறைவு, அடைக்கவும் நாளாகும். பழையதில் நாற்பது மடிப்பு இருந்து புதியதில் இருபத்தைந்துதான் என்றால் விலை ஏன் பாதி என்பது விளங்கிவிடும்.

அடுத்தது விளிம்பு. விரலால் அழுத்தினால் விறைப்பாக நிற்க வேண்டும். தொளதொளவென்று வளைந்தால் காற்றின் இழுப்பில் உள்ளே சரிந்து ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். மடிப்புகள் ஒரே சீராக இருக்கிறதா, பசை எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் பசை நாற்றம் மூக்கைத் துளைத்தால் அதே நாற்றம்தான் காருக்குள்ளும் வரும்.

10. கார்பன் ஃபில்டர் போட்டே ஆகணுமா?

தூசிதான் தொல்லை என்றால் தேவையில்லை. சாதாரண ஃபில்டர் துகள்களைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். கார்பன் வகை அதோடு சேர்த்து புகை நாற்றம், சாக்கடை நாற்றம், நைட்ரஜன் டை ஆக்ஸைடு, ஓசோன் போன்றவற்றையும் ஓரளவு உறிஞ்சும். தினமும் நெரிசலில் முன்னால் போகும் வண்டியின் புகையிலேயே நிற்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

உறிஞ்சுவதற்கு ஒரு எல்லை உண்டு. கார்பன் நிறைந்த பிறகும் தூசியைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், நாற்றத்தைத் தடுப்பது மட்டும் நின்றுபோகும். காற்று வேகம் குறையாததால் நமக்குத் தெரியாது. விலை கூடிய கார்பனை வாங்கி இரண்டு வருடம் விடுவதைவிட, சாதாரணத்தை வாங்கி நேரத்துக்கு மாற்றுவது மேல் என்பது என் கட்சி. இன்னொன்று: கார்பன் மோனாக்ஸைடை எந்தக் கார்பன் ஃபில்டரும் தடுக்காது. பூட்டிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கும் துணிச்சலை இது தரக் கூடாது.

11. கறுப்பா இருந்தா கார்பன்னு அர்த்தம்தானே?

கறுப்புச் சாயம் பூசிய நாரும் கறுப்பாகத்தான் இருக்கும். எடையைப் பாருங்கள். ஒரே அளவுள்ள சாதாரண ஃபில்டரைவிட உண்மையான கார்பன் ஃபில்டர் கையில் தூக்கினாலே கனமாகத் தெரியும். மடிப்பை விரித்தால் இரண்டு அடுக்குக்கு நடுவே மணல் போலக் குருணை தென்படும். லேசாகத் தட்டினால் கொஞ்சம் கறுப்புத் தூள் உதிர்வதும் சகஜம். எடையில் வித்தியாசமே இல்லையென்றால் நிறத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

12. "ஹெப்பா", "பிஎம் 2.5"ன்னு பெட்டியில போட்டிருக்கே, நம்பலாமா?

ஹெப்பா என்பதற்குத் திட்டவட்டமான அளவு இருக்கிறது. 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரையறை. ஐரோப்பிய தரத்தில் எச்13 என்றால் 99.95 சதவீதம். அந்த அளவுக்கு நெருக்கமான நாரில் காற்றைத் தள்ள வேண்டுமென்றால் பெரிய பரப்பு வேண்டும். டெஸ்லா மாடல் எக்ஸ் காரில் அதற்கென்றே பெரிய ஃபில்டருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு புத்தகத்தின் அளவே உள்ள சாதாரணச் சட்டத்தில் "ஹெப்பா" என்று எழுதியிருந்தால், ஒன்று அது உண்மையான ஹெப்பா இல்லை, அல்லது காற்று வரத்து கணிசமாகக் குறையும்.

"பிஎம் 2.5" என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்தும் உள்ள துகள்கள். எத்தனை சதவீதம், எந்த அளவுத் துகளில், எந்தச் சோதனை முறையில் என்று மூன்றும் சொன்னால் மதிக்கலாம். கேபின் ஃபில்டருக்கென்றே ஐஎஸ்ஓ 11155, டின் 71460 என்ற சோதனை முறைகள் உண்டு. அவற்றின் பெயரைக் குறிப்பிடும் கம்பெனி பச்சை இலைப் படம் மட்டும் போடும் கம்பெனியைவிட மேல்.

13. ஆன்லைன்ல ஒரே நம்பருக்கு மூணு விலை இருக்கே, ஏன்?

பெரும்பாலும் எண்ணிக்கைதான் காரணம். சில கார்களுக்கு ஒரு செட் என்பது இரண்டு துண்டு. டெஸ்லா மாடல் 3, இ60 தலைமுறை பிஎம்டபிள்யூ 5 சீரீஸ் எல்லாம் அப்படித்தான். ஒருவர் ஒற்றைத் துண்டுக்கு விலை போட்டிருப்பார், இன்னொருவர் ஜோடிக்கு. அனுப்பும் கூலியை ஒருவர் விலையில் சேர்த்திருப்பார், ஒருவர் கடைசித் திரையில் காட்டுவார். ஒரு துண்டுக்கு, கூலியோடு சேர்த்து என்று கணக்கு போட்டுப் பார்த்தால் மூன்று விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

அப்படியும் ஒன்று மட்டும் பாதாளத்தில் இருந்தால் டூப்ளிகேட் என்று சந்தேகப்படலாம். எழுத்து மங்கலாக அச்சாகியிருப்பது, பெட்டியில் உள்ள நம்பரும் ஃபில்டர் விளிம்பில் உள்ள நம்பரும் வேறாக இருப்பது, பிளாஸ்டிக் உறை ஒட்டாமலிருப்பது எல்லாம் அடையாளங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளாத இடத்தில் வாங்காதீர்கள்.

14. மொத்தமா மூணு நாலு வாங்கி வெச்சுக்கலாமா?

சாதாரணமென்றால் வாங்கலாம், உறையைப் பிரிக்காமல் ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். கார்பனை அப்படிக் குவிக்க வேண்டாம். உறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் அலமாரியில் இருக்கும் பெயின்ட் வாடையையும் பினாயில் வாடையையும் உறிஞ்சிக்கொண்டே கிடக்கும். எதுவானாலும் முதலில் ஒன்று வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

15. அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கணும்?

இரண்டு வகை அம்பு இருக்கிறது, குழப்பமே அதில்தான். காற்று போகும் திசையைக் காட்டுவது ஒன்று. சட்டத்தின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதைக் காட்டுவது இன்னொன்று. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வையுங்கள்.

காற்றின் திசை தெரியவில்லையென்றால் பழைய ஃபில்டரைக் கேளுங்கள். அழுக்கான பக்கம் காற்று நுழையும் பக்கம், சுத்தமான பக்கம் வெளியேறும் பக்கம். புதியதின் அம்பு அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தமான பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் குடி முழுகாது, ஆனால் பல ஃபில்டர்களில் முன்பக்கம் பெரிய தூசிக்கும் பின்பக்கம் நுண்தூசிக்கும் என்று அடுக்கு இருப்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

16. வாங்கினது கொஞ்சம் சின்னதா இருக்கு. ஓரத்துல அரை விரல் இடைவெளிதானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. காற்று எளிய வழியைத்தான் தேடும். நாரின் வழியே கஷ்டப்பட்டுப் போவதைவிட இடைவெளி வழியே போய்விடும். ஃபில்டர் அடைக்க அடைக்க இன்னும் அதிகமாக அந்த வழியே போகும், தூசி நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படியும். ஓரிரு மி.மீ. என்றால் விளிம்பில் ஒட்டும் ஸ்பாஞ்சு டேப் வைத்து அடைக்கலாம், அதற்கு மேல் திருப்பி அனுப்புவதே வழி. பெரிதாக இருப்பதை வளைத்துத் திணித்தாலும் நடுவில் குவிந்து ஓரம் திறந்துகொள்ளும்.

வீட்டில் இருக்கும் துணியையோ முகக்கவசத்தையோ வெட்டிப் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். கூடவே, சட்டமில்லாத துணியை ப்ளோயர் இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

17. புதுசு மாத்தியும் ஏசி போட்டா நாத்தம் வருதே?

அப்படியென்றால் நாற்றம் ஃபில்டரில் இல்லை. ஈரமாகவே இருக்கும் கூலிங் காயிலில் பூஞ்சை பிடித்திருக்கும், அதைத் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். அல்லது தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கும். இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்து வெறும் காற்றை ஓடவிட்டால் காயில் காயும், நாற்றம் குறையும். லேசான இனிப்பு வாடையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் அது வேறு கதை. ஹீட்டரிலிருந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

18. உள்காற்றையே சுத்த விட்டா ஃபில்டர் நாள்பட வரும்தானே?

வெளித்தூசி குறைவாக நுழைவதால் கொஞ்சம் நாள்பட வரும். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபில்டர் இருக்கும் பல கார்களில் உள்காற்றும் அதன் வழியே திரும்பத் திரும்பப் போவதால் காற்றும் சுத்தமாகும். வைப்பருக்கு அடியில் ஃபில்டர் இருக்கும் கார்களில் பெரும்பாலும் வெளிக்காற்று மட்டுமே வடிகட்டப்படும். ஆனால் நான்கு பேர் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு மணிக்கணக்கில் உள்காற்றிலேயே ஓட்டினால் கரியமில வாயு கூடி ஓட்டுபவருக்குத் தூக்கம் தள்ளும். ஃபில்டரை மிச்சம் பிடிக்க அதைச் செய்யாதீர்கள்.

19. என் கார்ல ஃபில்டரே கிடையாதாம். நிஜமா?

இருக்கலாம். சில கார்களின் அடிப்படை மாடலில் ஃபில்டர் போடாமல் அதற்கான இடத்தை மட்டும் விட்டிருப்பார்கள். மூடியைத் திறந்தால் காலியாக இருக்கும், அல்லது அந்த இடமே பிளாஸ்டிக்கால் அடைத்திருக்கும், கோடு போட்ட இடத்தில் வெட்டித் திறக்க வேண்டும். அதே காரின் உயர் மாடலுக்கான பார்ட் நம்பரைப் பிடித்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

20. மாத்தினோம்னு பில் போட்டாங்க. நிஜமா மாத்தினாங்களான்னு எப்படித் தெரியும்?

புது ஃபில்டர் போடும்போது விளிம்பில் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவேன். எப்போது மாற்றினோம் என்று நினைவு வைத்துக்கொள்ளத்தான் ஆரம்பித்தேன். ஒரு தடவை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஏசி ஃபில்டருக்கும் கூலிக்கும் சேர்த்து பில் வந்தது. வீட்டுக்கு வந்து கிளவ் பாக்ஸை இறக்கிப் பார்த்தால் என் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன், வாதாடாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் காரை விடும்போதே "பழசைக் கையில கொடுத்துடுங்க" என்று சொல்லிவிடுகிறேன். ஜாப் கார்டிலும் அதை எழுதச் சொல்கிறேன்.